இருமுறை வாங்கிய கண்ணாடி

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள்களுள் மிக மலிவானது ஒரு மூக்குக் கண்ணாடி. மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக உழைத்ததும் அதுதான். அதை என் தகப்பனாரான நைனா இரண்டு முறை விலை கொடுத்து வாங்கினார். ஒரே பொருளை ஒருவர் இருமுறை வாங்குவது நட்டமல்லவா என்று கேட்பவர்களுக்கு, நடந்ததை முதலிலிருந்து சொல்வதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. திருத்தணி மலையடிவாரக் கடைத்தெருவில் நைனா தையற்கடை வைத்திருந்தார். ஒரு மிதி இயந்திரம், ஒரு பலகை, வெயிலுக்குக் கட்டிய கோணி மறைப்பு, இவை சேர்ந்ததுதான் கடை. துணிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டபடியால் புதுத்துணி தைக்க வருவோர் குறைந்து, பழைய சட்டையைப் பிரித்து உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பித் தைத்துத் தரச் சொல்வோர் பெருகியிருந்தார்கள். அது புதிதாகத் தைப்பதைவிடக் கடினமான வேலை. பழைய தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நைனா துணியைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்ப்பார். தையற்காரர்களுக்கே உரிய ஒரு கம்பீரம் அது என்று நான் எண்ணியிருந்தேன்.

என் கண்ணின் நிலை வேறு. எனக்கு எட்டு வயது. இரண்டாம் வகுப்பை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்கு எந்தப் பக்கம் வாலைத் தொங்கவிட்டிருக்கிறது என்று கடைத்தெருவில் நின்றபடியே சொல்வேன். ஆர்.கே.பேட்டைச் சாலையில் வரும் வண்டி எங்கள் அத்தையின் வண்டிதானா என்பதை மாட்டின் கொம்பைக் கண்டே அறிவித்துவிடுவேன். ஆனால் மடியில் இருக்கும் சிலேட்டில் எழுத்து எழுதியிருக்கிறதா, வெறும் சுண்ணாம்பு ஈஷியிருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் அரிசியைப் பொறுக்கி எறிவேன். எல்லோருடைய கண்ணுக்கும் அருகிலிருப்பது அப்படித்தான் கலங்கித் தெரியும் என்றும், அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து எழுத்தை ஊகித்துச் சொல்லும் சாமர்த்தியம் மற்றப் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது, எனக்கு வாய்க்கவில்லை என்றும் நம்பியிருந்தேன்.

“மலை மேல கீற கொரங்கு தெரியுது, மடியில கீற கல்லு தெரியலியா? பாசாங்கு பண்ணாதடி!” என்று அம்மா முறத்தைப் பிடுங்கிக்கொள்வாள்.

வாத்தியாரும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார். கரும்பலகையில் பெரிதாக எழுதினால் படிக்கிறாள், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைவலி என்று அழுகிறாள், இது பாசாங்கன்றி வேறென்ன என்பது அவர் வாதம். அரையாண்டுப் பரீட்சைக்குள் புத்தகத்தைப் படித்துக் காட்டாவிட்டால், இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டு வேலை பழக்கலாம் என்று நைனாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளையை நிறுத்துவதற்கு அதுவே தேவைக்கு மிஞ்சிய காரணம். நைனாவோ எனக்கு எட்டாம் வகுப்பு வரை கனவு கண்டுகொண்டிருந்தார்.

என்னைப் பாசாங்குக்காரி என்று ஊரறியத் திட்டிய அம்மா, யாருக்கும் சொல்லாமல் முருகனுக்குக் கண்மலர் வேண்டிக்கொண்டிருந்தாள். கண் நோவு தீர்ந்தால் வெள்ளித் தகட்டில் கண் வடிவம் அடித்து உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சிலர் தீர்ந்த பிறகு போடுவார்கள். அம்மா முன்கூட்டியே போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

ஆடிக் கிருத்திகையன்று மூவரும் புறப்பட்டோம். காவடிக் கூட்டம் மலைப்பாதை முழுவதும் நெருக்கியடித்தது. தரிசன வரிசையில் அம்மா மட்டும் நிற்பதென்றும், நானும் நைனாவும் கீழே சரவணப் பொய்கைப் பக்கம் காத்திருப்பதென்றும் ஏற்பாடு. அங்கேதான் அந்தச் சாயபு கோணி விரித்துப் பழைய மூக்குக் கண்ணாடிகளைப் பரப்பியிருந்தார்.

அவர் வியாபாரம் செய்த முறை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கண்ணைச் சோதிக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. வருபவரின் தொழிலைக் கேட்பார். கணக்குப்பிள்ளை என்றால் பழைய செய்தித்தாள் துண்டை நீட்டுவார். விவசாயி என்றால் மணல் கலந்த கேழ்வரகைக் கையில் கொட்டுவார். எந்தக் கண்ணாடியைப் போட்டால் அவரவர் வேலை நடக்கிறதோ அதுவே அவரவர் கண்ணாடி.

“இன்னா தொழிலுங்க?” என்றார்.

“தையலு.”

“அப்ப ஊசிய புடிங்க.”

நைனா ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். வட்டமான இரும்புச் சட்டம் போட்ட ஒன்றை மாட்டியதும் நூல் ஒரே நீட்டில் ஊசிக்குள் நுழைந்தது. “ஆங்!” என்று தாமாகவே சொல்லிவிட்டார். அந்தக் கண்ணாடிக்கு ஒரு பக்கத்துக் காது இல்லை. அதற்குப் பதில் முறுக்கிய கயிற்று வளையம் கட்டியிருந்தது.

“வெள்ளைக்காரன் போட்ட கண்ணாடி சாமி இது. காதுதான் போச்சு, கண்ணு போவல” என்றார் சாயபு. அந்த ஒரு குறைக்காகவே அது மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது.

மகிழ்ச்சியில் நைனா அதை வேடிக்கையாக என் மூக்கில் வைத்தார். நான் என் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதையும் யாரோ கீறிவிட்டிருந்தார்கள். கண்ணாடியைத் தூக்கினேன். கை வழுவழுவென்று முன்போலவே இருந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடி கீறல்.

“நைனா, இந்தக் கண்ணாடி கைய கிழிக்குது!” என்று கத்தினேன்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சாயபுவும் சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டுச் செய்தித்தாள் துண்டை என் முன் நீட்டினார். எழுத்துகள் ஓடாமல் நின்றன. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். திருவிழாவில் துளை வழியே பார்க்கும் படப்பெட்டிக்குள் டில்லிக் கோட்டை தெரிவதுபோல, இந்தக் கண்ணாடிக்குள் யாரோ எழுத்துகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. நைனாவின் சட்டையைப் பார்த்தேன். அது முழுத்துணி இல்லையாம், நூல் நூலாகப் பின்னியதாம். இந்தப் பொய்களையெல்லாம் இவ்வளவு சின்னக் கண்ணாடிக்குள் எப்படி வைத்தார்கள் என்று வியந்துகொண்டிருந்தபோது நைனா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் ஏன் சிரிப்பு இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா இறங்கி வந்தாள். கண்மலரை உண்டியலில் போட்ட கையோடு வந்தவள், மகள் செய்தித்தாள் படிக்கும் காட்சியைக் கண்டாள். “முருகா!” என்று போட்ட கூச்சலில் ஒரு காவடிக் கூட்டமே திரும்பி “அரோகரா” சொல்லிற்று.

“கண்ணாடிம்மா…” என்று தொடங்கினார் சாயபு.

“கண்ணாடி இன்னா பண்ணும் பாய்? இப்பதான் கண்மலர போட்டுட்டு வரேன்!”

சாயபு நைனாவைப் பார்த்தார். நைனா, “இருக்கும், இருக்கும்” என்றார். வீட்டில் எந்த வழக்கிலும் அவர் தீர்ப்பு அதுவே.

அடுத்த சில வாரங்கள் கண்ணாடி பகலில் கடையிலும், விளக்கு வைத்தபின் என் மூக்கிலுமாகக் காலம் கழித்தது. எனக்கு எழுத்துகள் பழகின. அப்போதுதான் ஆர்.கே.பேட்டையிலிருந்து அத்தை வந்தாள். அத்தை நைனாவுக்கு மூத்தவள். அவள் மகனுக்கு, அதாவது என் முறைமாப்பிள்ளையான பாவாவுக்கு, பிறந்த அன்றே நிச்சயிக்கப்பட்டவள் நான். வாசற்படியில் கால் வைத்தவள் என் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

“இன்னா தம்பி இது? பச்ச புள்ளைக்கு கெழவி வேசம் போட்டு உட்டுகிற! நாலு கண்ணு பொண்ண கட்டிகினு எம்புள்ள ஊர்ல எப்பிடி நடப்பான்?”

அம்மா முந்திக்கொண்டாள். “கண்ணு நல்லாய்டுச்சி அண்ணி. கண்மலர் போட்ட அன்னிக்கே சாமி தொறந்துட்டாரு. இது சும்மா, நொண்டிக்கு கோலு மாதிரி.”

“காலு நல்லாப் போனா கோல இன்னா பண்ணுவாங்கோ? மலை மேல கொண்டாந்து வெச்சிட்டு கைய வீசிகினு போவாங்க. நீங்க இன்னும் எதுக்கு கட்டிகினு அழுவுறீங்க?”

கோல் உவமையைச் சொன்னவள் அம்மாவே. இனி கண்ணாடியை வைத்திருந்தால் முருகன் பார்த்த வைத்தியம் பாதியில் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டதாகும், சம்பந்தமும் கெடும். அடுத்த கிருத்திகைக்குக் கண்ணாடியைக் காணிக்கை செலுத்துவதென்று முடிவாயிற்று. அது யாருடைய கண்ணாடி என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருக்க வேண்டியவர் தம் அக்காளுக்கு மோர் எடுத்துவர எழுந்து போய்விட்டார்.

உண்டியலுக்கு முன் நின்றபோது நைனா அதை அம்மாவிடமிருந்து ஒரு கணம் வாங்கினார். வேட்டி நுனியால் இரண்டு கண்ணையும் துடைத்தார். ஊருக்கு அனுப்பும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல இருந்தது. பிறகு அம்மா அதை உள்ளே போட்டாள். அடியில் விழுந்த ஓசை கேட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் பழையபடி கலைந்து ஓடின. “தெரியுதாடி?” என்று அம்மா ஆவலோடு கேட்டாள். தெரியவில்லை என்றால் முருகன் செய்த வேலையில் குற்றம் காண்பதாகிவிடும். “தெரியுது” என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்துகள் கண்ணாடியோடு உண்டியலுக்குள் போய்விட்டன என்றால், கண்ணைத் திறந்த சாமி திறந்த கண்ணுக்குள் எதை வைத்தார்? ஒருவேளை, படிப்பதற்கு அவருக்கே ஒரு கண்ணாடி தேவைப்பட்டதோ?

பள்ளியில் அகப்பட்டுக்கொண்டேன். பாசாங்குப் பட்டம் மீண்டும் வந்தது. அரையாண்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையிலும் நிலைமை சீராக இல்லை. ரயிலடி ஊழியர் ஒருவரின் சட்டையை நைனா திருப்பித் தைத்தபோது, கழுத்துப்பட்டையைப் பின்புறம் முன்னாக வைத்துத் தைத்துவிட்டார்.

“இன்னா மேஸ்திரி, இத போட்டுகினு நான் பின்னாலயே நடந்து போவணுமா?” என்று அவர் அதைக் கடை வாசலிலேயே மாட்டிக் காட்டினார். தெரு சிரித்தது. நைனாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, அதை வாங்கிப் பிரிக்கத் தொடங்கினார். அன்று அவர் விரல்களில் துணிச்சுற்று கட்டியிருந்ததைப் பார்த்த நினைவிருக்கிறது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் அவர் பள்ளி வாசலுக்கே வந்து என்னை அழைத்தார். “மலைக்கு போய்ட்டு வரலாம் வா. ஊட்ல சொல்ல வாணாம்.”

உண்டியலில் பணமல்லாமல் விழும் பொருள்களையும், பக்தர்கள் விட்டுச் செல்லும் பொருள்களையும் அவ்வப்போது மலைமேல் மண்டபத்தில் ஏலம் விடுவார்கள். நாங்கள் போனபோது கூடைகளில் கட்டிய சேவல்கள் கூவிக்கொண்டிருந்தன. குத்துவிளக்குகள், மணிகள், தகர வேல்கள், குடைகள் என்று ஒரு சந்தையே இருந்தது. நல்ல பொருள்கள் தனித்தனியே போயின. தனியே விற்காதவற்றை ஒன்றோடொன்று கூட்டிக் கட்டித் தள்ளிவிடுவது ஏலக்காரரின் உத்தி. எங்கள் கண்ணாடி ஒரு கறுப்புக் குடையோடும், ஒரு கால் விந்தும் சேவலோடும் கூட்டுச் சேர்ந்திருந்தது.

எனக்கு அதைவிட ஆச்சரியம், முன்வரிசையில் அந்தச் சாயபு உட்கார்ந்திருந்ததுதான்.

நைனா திகைத்துப்போய், “நீங்க எங்க இங்க?” என்றார்.

“நான் சரக்கு எங்க எடுக்கறன்னு நெனச்சீங்க சாமி?”

“வெள்ளைக்காரன் போட்டதுன்னு சொன்னீங்களே?”

“வெள்ளைக்காரன் முருகனுக்கு போட்டிருக்க மாட்டானா? யாரு கண்டது!”

அப்படியானால் அந்தக் கண்ணாடி எங்களுக்கு முன்னும் எத்தனை பேரால் வாங்கப்பட்டு, எத்தனை முறை மலையேறி, எத்தனை முறை இறங்கியதோ! நைனா அதைப் பற்றி எண்ணினாரோ என்னவோ, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

ஏலக்காரர் கூவினார். “கொடை, கோழி, கண்ணாடி! மழைக்கு கொடை, எழுப்ப கோழி, எழுந்து பாக்க கண்ணாடி! கேளுங்கோ!”

நைனா ஒரு விலை சொன்னார். சாயபு பழக்கத்தில் கையைத் தூக்கி அதற்கு மேல் ஒன்று சொன்னார். நைனா மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அதற்கு மேல் அவரால் ஏற்ற முடியாது என்பது எனக்கே தெரிந்தது. சாயபுவின் கை மறுபடி எழுந்தது. அப்போது நான் என் உள்ளங்கையைக் கண்ணருகே கொண்டுபோவதும் தள்ளிப் பிடிப்பதுமாக, அந்தக் கீறல்கள் எங்கே போயின என்று தேடிக்கொண்டிருந்தேன். சாயபு என்னைச் சற்று நேரம் பார்த்தார். தூக்கிய கையால் தாடியைச் சொறிந்துகொண்டார்.

“எனக்கு வாணாம்பா. எங்க ஊட்ல கோழி கட்ட எடமில்ல” என்றார்.

கோழி கட்ட இடமில்லாதவர் முதலில் ஏன் கேட்டார் என்று நான் வழி நெடுக யோசித்தேன்.

வீட்டில் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “சாமிக்கு போட்டத திருப்பி எடுத்தாந்துட்டீங்களா? குடும்பம் வெளங்குமா?” அத்தையும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நைனா சேவலைக் கீழே விட்டார்.

“நான் எங்க எடுத்தேன்? நமக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தாரு. கோழிய கூட அனுப்பிகிறாரு பாரு.”

சேவல் விந்தி நடந்து, நடுக்கூடத்தில் நின்று, கழுத்தை நீட்டி ஒரு முறை கூவிற்று.

முருகனின் கொடியில் இருப்பது சேவல். அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அம்மா அழுதாள். என்னை நாலு கண் என்று சொன்ன அத்தை, கண்ணாடிச் சட்டத்தில் குங்குமம் வைத்து, அதைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, தன் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டாள். “சாமி கண்ணாடிடி. கழட்டாத” என்றாள். கண்ணாடி அதே கண்ணாடி, கயிறுகூட அதே கயிறு. முன்பு போட்டதற்காகத் திட்டியவர்களே இப்போது கழற்றினால் திட்டுவோம் என்கிறார்களே என்று நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன்.

நைனா ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காக என் பக்கம் கை நீட்டினார். அம்மா தடுத்துவிட்டாள். “பாப்பாவுக்குன்னு சாமி குடுத்தது. வேற யாரும் போடக்கூடாது. உங்களுக்கு இன்னாத்துக்கு?”

நைனா கையை மெல்ல இழுத்துக்கொண்டார். “ஆங், எனக்கு இன்னாத்துக்கு?” என்றார்.

அரையாண்டுக்கு முன்னால் நான் வாத்தியாரிடம் புத்தகத்தை நிற்காமல் படித்துக் காட்டினேன். அவர் சட்டத்திலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். பள்ளியிலிருந்து நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. அந்தக் குடை என் உயர்நிலைப் பள்ளிக் காலம் வரை மழை தாங்கிற்று. சேவலைச் சாமி அனுப்பியது என்பதால் யாரும் கத்தி வைக்கத் துணியவில்லை. அது கிழடாகும் வரை தெருவை எழுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியோ, கயிறு மாறி மாறி, நான் சென்னைக்குப் படிக்கப் போகும் வரை என் மூக்கில் இருந்தது. அங்கே கண் வைத்தியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குப் பிறவியிலேயே கிட்டத்தில் தெரியாத குறை என்றும், இந்தக் கண்ணாடி ஓரளவு பொருந்தியதே அதிசயம் என்றும் சொல்லி, இதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டார். சாயபு என்பதா, நைனா என்பதா, முருகன் என்பதா, அந்த நொண்டிச் சேவல் என்பதா என்று தெரியாமல் விழித்தேன். கண்ணாடியால் படிப்பு வந்தது. படிப்பு மிஞ்சியதால் பாவாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். எது ஆதாயம், எது நட்டம் என்று கணக்கிட்டு முடிப்பது எளிதல்ல.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு.

அடுத்த ஆடியில் அந்தச் சாயபு கண்ணாடி விற்க வரவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை. ஏலத்திலிருந்து கண்ணாடி வந்த மறுநாளிலிருந்தே எனக்கு ஒரு புதிய வேலை ஏற்பட்டிருந்தது. காலையில் பள்ளிக்குப் போகுமுன் கடைக்குச் சென்று, நைனாவின் ஊசிகள் அனைத்திலும் வெவ்வேறு நிறத்து நூல் கோத்து, பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போக வேண்டும். அவை அன்றைய பொழுதுக்குப் போதுமானவை. சில நாட்களில் நடுப்பகலுக்குள்ளேயே தீர்ந்துவிடும். சாப்பாட்டு மணி அடித்ததும் நான் மறுபடி ஓடி வர வேண்டும். தோழிகள் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும் நேரம் அது. எனக்கு எரிச்சலாக இருக்கும். தையலே தொழிலாகக் கொண்ட ஒருவர், தாமே செய்யக்கூடிய இந்தச் சின்ன வேலைக்காக ஒரு பிள்ளையை இப்படி ஓடவிடலாமா?

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “மலை மேல கீற கொரங்கு தெரியுது, கையில கீற ஊசி தெரியலியா நைனா? பாசாங்கு பண்றியா?”

நைனா துணியைத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அந்தக் கம்பீரத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு இயந்திரம் அதிரும்படி சிரித்தார். “ஆங், பாசாங்குதான்” என்று ஊசியை என் பக்கம் நீட்டினார்.

குங்குமம் வைத்த கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு ஊசியை வாங்கினேன். நூல் ஒரே நீட்டில் நுழைந்தது. இவ்வளவு பெரிய ஊசிக்காது இவர் கண்ணுக்கு எப்படித் தெரியாமற்போகும் என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.